என்ன கலர்ல நிக்குது?

ஐப்பசி பிறந்தால் கண்டியில் பின்னேர மழைக்கு முன்பே இடி வந்துவிடும். ஹந்தானை மலைப் பக்கம் முதல் முழக்கம் கேட்டதும் விவரமானவர்கள் கம்பியூட்டரின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். மறந்தவர்கள் மறுநாள் காலை பஸ் ஏறுவார்கள். கலஹாவிலிருந்தோ கட்டுகஸ்தோட்டையிலிருந்தோ, பழைய துவாயில் சுற்றிய சீபியூவை மடியில் வைத்துக்கொண்டு வந்து, டவுனில் ஒடுங்கிய மாடிப்படி ஒன்றில் ஏறி, ரிப்பேர் கடை மேசையில் இறக்குவார்கள்.

"என்னண்ணே, என்ன செய்யுது?"

"வேல செஞ்சிக்கிட்டு இருக்கும்போதே நின்னு போகுது தம்பி."

"நிக்கும்போது ஸ்கிரீன் என்ன கலர்ல நிக்குது?"

வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வது போன்ற கேள்வி இது. கறுப்பு என்றால் பவர் சப்ளை, ரேம், மதர்போர்டு என்று ஒரு பக்கம் போக வேண்டும். இன்னொரு நிறம் என்றால் போகும் வழியே வேறு. அந்த இன்னொரு நிறத்துக்குப் பின்னால் அறுபது, எழுபது வருடக் கதை இருக்கிறது. கதை தொடங்கிய காலத்தில் கணினிகளுக்குப் பெரும்பாலும் திரையே கிடையாது.

1953இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 'வேர்ல்விண்ட்' என்ற கணினிக்குப் புதுவகை நினைவகம் ஒன்றைப் பொருத்தினார்கள். சிறுசிறு ஃபெரைட் வளையங்களை மெல்லிய கம்பிகளில் கோத்து, பின்னிய பாய் போல விரித்து வைத்த நினைவகம் அது. வளையம் ஒரு திசையில் காந்தமேறினால் 1, மறு திசையில் ஏறினால் 0. ஒவ்வொரு வளையத்துக்கும் 'கோர்' என்று பெயர். மின்சாரம் போனாலும் காந்தம் மறக்காது என்பது இதன் சிறப்பு. கணினி நடுவில் செத்துவிட்டால், அத்தனை வளையங்களிலும் இருந்த எண்களை அப்படியே காகிதத்தில் அச்சடித்து எடுப்பார்கள். கட்டுக்கட்டாக வரும் அந்தத் தாள்களைப் பென்சிலோடு உட்கார்ந்து படிப்பது ஏறக்குறைய மரண விசாரணை. அதற்கு 'கோர் டம்ப்' என்று பேர் வைத்தார்கள். வளையங்கள் எழுபதுகளில் வழக்கொழிந்தன, பேர் மட்டும் இன்றுவரை நிலைத்துவிட்டது. ஆனால் சாகும்போது கணினி என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அப்போது யாரிடமும் ஒரே பதில் இருக்கவில்லை.

பதில் தேடிய பெரிய முயற்சி மல்டிக்ஸ். எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் ஆய்வுகூடம் மூன்றும் சேர்ந்து அறுபதுகளில் எழுதிய இயங்குதளம் அது. எந்தத் தவறு நேர்ந்தாலும் சமாளித்து எழுந்து நடக்க வேண்டும் என்பது அதன் இலட்சியம். வேலை இழுத்துக்கொண்டே போனது. 1969இல் பெல் ஆய்வுகூடம் கைகழுவிவிட்டு வெளியே வந்தது. அங்கிருந்த கென் தொம்சனும் டென்னிஸ் ரிச்சியும் சின்னக் கணினி ஒன்றில் யுனிக்ஸ் என்ற சின்ன இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார்கள். மல்டிக்ஸ் நிரலாளர் டொம் வான் விளெக் ஒரு நாள் ரிச்சியிடம் தங்கள் பாட்டைச் சொன்னார். எழுதும் நிரலில் பாதி, தவறிலிருந்து மீளும் வழிகளுக்கே செலவாகிறதாம். ரிச்சியோ அதையெல்லாம் தாங்கள் விட்டுவிட்டதாக அமைதியாகச் சொன்னார். அப்படியானால் தவறு வந்தால்?

தவறு வந்தால் 'பேனிக்' என்ற ஒரு நிரல்துண்டு ஓடும், இயந்திரம் நின்றுவிடும், மறுபடி ஓட்டும்படி தாழ்வாரத்தைப் பார்த்து ஒருவர் சத்தம் போடுவார். அவ்வளவுதான். சோம்பேறித்தனம் போலத் தெரியும் இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு புத்தி இருந்தது. இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலுக்கு நினைவகத்திலும் வட்டிலும் எங்கும் கைவைக்கும் அதிகாரம் உண்டு. அதன் கணக்கே பிசகியபின் அது தொடர்ந்து ஓடினால், பிசகிய கணக்கையே வட்டில் எழுதி, நல்லபடி இருக்கும் கோப்புகளையும் கெடுத்துவிடும். தலை சுற்றும் சாரதி பஸ்ஸை ஓரங்கட்டுவதுதான் பயணிகளுக்கு நல்லது.

மல்டிக்ஸ்காரர்களுக்கும் கடைசியில் நிறுத்தும் செய்திகள் தேவைப்பட்டன. நடக்கவே முடியாத ஒரு நிலைமைக்கு என்ன செய்தி எழுதுவது? எல்லாக் கோப்புறைகளுக்கும் தாய் 'வேர்'. அதற்கு உடன்பிறப்பு இருக்கவே முடியாது. நடக்காத ஒன்றுதானே என்ற துணிச்சலில் பெர்னார்ட் கிரீன்பெர்க் என்ற நிரலாளர், வேருக்கு இன்று ஒரு சகோதரன் பிறந்தான் என்று பொருள்படும் வரியை இலத்தீனில் எழுதி வைத்தார். வன்பொருள் கோளாறு ஒன்றால் ஒரு நாள் அது நடந்தேவிட்டது. வாடிக்கையாளரின் இயந்திரம் இலத்தீனில் பேசிவிட்டு நின்றது, பராமரிப்பாளர்கள் திகைத்துப் போனார்கள். யாருமே பார்க்கமாட்டார்கள் என்று நம்பி எழுதுவதுதான் எல்லோர் கண்ணிலும் படும் என்ற விதி அன்றே எழுதப்பட்டுவிட்டது போலும்.

அந்த விதி 1981இல் ஃபுளோரிடாவின் போக்கா ரட்டோனில் இன்னொருவரைப் பிடித்தது. ஐ.பி.எம். தன் முதல் பெர்சனல் கம்பியூட்டரை அவசர அவசரமாக உருவாக்கிக்கொண்டிருந்த நேரம். சோதனையில் கணினி அடிக்கடி உறைந்துபோனது. ஒவ்வொரு முறையும் பவரை நிறுத்திப் போட்டால் நினைவகப் பரிசோதனை முடியும்வரை காத்திருக்க வேண்டும். டேவிட் பிராட்லி என்ற பொறியியலாளர் சில நிமிடங்களில் ஒரு குறுக்குவழி செய்தார்: மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் உடனே மறுதொடக்கம். முதலில் அவர் தேர்ந்தது கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப். இடது கையே தற்செயலாக அழுத்திவிடக்கூடும் என்று தெரிந்ததும் எஸ்கேப்பை டிலீட்டாக மாற்றினார். அப்போது இரண்டு கையும் தேவைப்படும், தவறிப்போக இடமில்லை. தங்கள் குழுவின் வசதிக்காகச் செய்த அந்தச் சிறு வேலை, கதையின் அடுத்த திருப்பத்துக்கு ஆளை வரவழைத்தது.

இடையில் மற்றவர்களும் தங்கள் பாணியில் சாவை அறிவித்துப் பார்த்தார்கள். 1984இல் ஆப்பிளின் மெக்கின்டொஷுக்கு சூசன் கேர் திரி எரியும் குட்டி வெடிகுண்டு ஒன்றை வரைந்தார். அதைப் பார்த்த சிலர் கணினி உண்மையிலேயே வெடிக்கப் போகிறதோ என்று பயந்தார்கள். அடுத்த வருடம் வந்த அமிகா கணினி 'குருவின் தியானம்' என்று சிவப்பில் மின்னியது. அமிகா குழுவினரிடம் காலால் இயக்கும் விளையாட்டுப் பலகை ஒன்று இருந்தது. கணினி செயலிழக்கும் நேரங்களில் அதன்மீது யோகிபோல் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து பார்ப்பது அவர்களுடைய பொழுதுபோக்கு. அதன் நினைவுதான் அந்தப் பேர். வெடிகுண்டும் குருவும் வந்துவிட்டன. ஆனால் உலகத்து மேசைகளையெல்லாம் பிடிக்கப்போகும் நிறம் இன்னும் வரவில்லை.

1992இல் மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 3.1 தயாராகிக்கொண்டிருந்தது. பிராட்லியின் மூன்று விசைகளை அழுத்தினால் உடனே மறுதொடக்கமாகிவிடாமல் ஒரு திரை வந்து விவரம் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. இயங்குதளப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஸ்டீவ் போல்மர் ஒரு நாள் எட்டிப்பார்த்து, திரையின் வாசகம் சரியில்லை என்றார். பிடிக்கவில்லையென்றால் நீங்களே எழுதிப் பாருங்கள் என்ற தொனியில் பதில் வந்தது. போல்மர் சவாலை ஏற்றுக்கொண்டு, சில நாளில் எழுதியும் அனுப்பிவிட்டார். அது கிட்டத்தட்ட மாற்றமில்லாமலே வெளியானது. இருபத்திரண்டு வருடங்கள் கழித்து இந்தச் சங்கதியை மைக்ரோசொஃப்ட்டின் ரேமண்ட் சென் எழுதியபோது ஊடகங்கள் ஒரு படி தாவிவிட்டன: விண்டோஸ் செத்துவிழும்போது வரும் புகழ்பெற்ற மரணத்திரையை எழுதியவரே போல்மர்தான் என்று செய்தி பரவியது. இது வேறு திரை, அது வேறு திரை என்று சென் மறுபடி எழுதித் திருத்த வேண்டியதாயிற்று. அப்படியானால் அந்தத் திரையை எழுதியது யார்?

அதே நிறுவனத்தில் டேவ் கட்லரின் தலைமையில் இன்னொரு குழு, பெரிய வேலைகளுக்கான விண்டோஸ் என்.டி.யை எழுதிக்கொண்டிருந்தது. கர்னல் செத்தால் கடைசியாக ஒரு திரை காட்ட வேண்டும். அந்த வேலை ஜோன் வேர்ட் என்ற நிரலாளரிடம் வந்தது. செத்துக்கொண்டிருக்கும் இயங்குதளத்தை நம்பிப் படமெல்லாம் வரைய முடியாது. எழுத்து மட்டும்தான் சாத்தியம். எழுத்துக்கு ஒரு நிறம், பின்னணிக்கு ஒரு நிறம் வேண்டும். அவர் மேசையில் இருந்தது மிப்ஸ் வகைக் கணினி. அதை இயக்கினால் முதலில் வரும் திரை நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து. நிரல் எழுத அவர் பயன்படுத்திய ஸ்லிக் எடிட்டும் நீலத்தில் வெள்ளை. சாகும் திரைக்கும் அதையே போட்டார். தொடங்குவது, எழுதுவது, சாவது மூன்றும் ஒரே நிறத்தில் நடக்கட்டுமே!

சோக நிறம் என்றோ மனத்தை அமைதிப்படுத்தும் நிறம் என்றோ யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. 1993 ஜூலையில் என்.டி. வெளியானபோது அந்த நீலமும் கூடவே வந்தது. 1995இல் விண்டோஸ் 95இன் நீலத்திரையை ரேமண்ட் சென் முடித்துக் கொடுத்தார். நீலத்திரை பிறந்துவிட்டது. அதற்கு உலகப் புகழ் கிடைக்க மூன்று வருடமும் ஒரு ஸ்கேனரும் போதுமாயின.

1998 ஏப்ரல் 20, சிகாகோ. கொம்டெக்ஸ் கண்காட்சி மேடையில் பில் கேட்ஸ் நிற்க, அவருடைய உதவியாளர் கிறிஸ் கபொசெல்லா வரவிருந்த விண்டோஸ் 98ஐ விளக்கினார். எந்தக் கருவியையும் செருகினால் போதும், கணினி தானே அடையாளம் கண்டுகொள்ளும் என்று ஸ்கேனர் ஒன்றைச் செருகினார். பெருந்திரை முழுக்க நீலம். மண்டபம் சிரிப்பிலும் கைதட்டலிலும் அதிர்ந்தது. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை போலும் என்று கேட்ஸ் சிரித்துச் சமாளித்தார். இரண்டு மாதத்தில் விற்பனைக்கும் விட்டார்கள். அது கண்டிக்கு வந்து சேர்ந்தபோது அதற்கென்று ஒரு மலைநாட்டுச் சோதனை காத்திருந்தது.

2001இல் மழை பொய்த்தது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு நீரிலிருந்து வந்த காலம். கண்டிக்குக் கிழக்கே மகாவலியை மறித்து நிற்கும் விக்டோரியா போன்ற நீர்த்தேக்கங்கள் வற்றினால் ஊரும் இருட்டாகும். மின்வெட்டு 2002 வரை நீடித்தது. டைப் செட்டிங் கடைகளிலும் கம்பியூட்டர் வகுப்புகளிலும் வேலை நடுவே கரண்ட் போகும். திரும்பி வந்ததும் விண்டோஸ் 98 இன்னொரு நீலத்திரையைக் காட்டும். அது ஸ்கேன்டிஸ்க். விண்டோஸ் முறையாக மூடப்படாததால் வட்டில் பிழை இருக்கலாம், இனிமேல் ஒழுங்காக மூடவும் என்று அது உபதேசிக்கும். அணையில் தண்ணீர் இல்லாததற்கு டைப் அடித்தவர் ஏச்சு வாங்கினார். நீலம் வந்தாலே நாம்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்ற பயம் பலர் மனத்தில் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். உண்மைக் குற்றவாளி வேறொருவர் என்பது அதே காலத்தில்தான் வெளிச்சத்துக்கு வந்துகொண்டிருந்தது.

விண்டோஸ் எக்ஸ்பீ வந்தபோது, செத்த கணினி எழுந்ததும் தன் மரணக் குறிப்பை இணையம் வழியே மைக்ரோசொஃப்ட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்கத் தொடங்கியது. உலகமெங்குமிருந்து குறிப்புகள் குவிந்தன. பார்த்தவர்களுக்கு இரண்டு ஆச்சரியம். 2002இல் போல்மர் வாடிக்கையாளர்களுக்கு எழுதிய கடிதப்படி, பிழைகளில் ஒரே ஒரு சதவீதம்தான் மொத்தக் கோளாறுகளில் பாதிக்குக் காரணம். இரண்டாவது, 2003இல் வொஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியது: எக்ஸ்பீயில் பதிவான செயலிழப்புகளில் 85 சதவீதம் டிரைவர்களால் வந்தவை. பிரிண்டர், ஒலி அட்டை, வீடியோ அட்டை போன்றவற்றுக்காக வெளியார் எழுதும் சிறு நிரல்களே டிரைவர்கள். அவை கர்னலின் வீட்டுக்குள்ளேயே, அதன் அதிகாரத்தோடு ஓடுகின்றன. விருந்தாளி அடுப்பங்கரையில் நெருப்பு வைத்தால் பற்றுவது முழு வீடும். 'ஐ.ஆர்.கியூ.எல். நொட் லெஸ் ஓர் ஈக்குவல்' என்று திரை புலம்புவதன் அர்த்தமும் பெரும்பாலும் இதுதான்: டிரைவர் ஒன்று தொடக்கூடாத நேரத்தில் தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டுவிட்டது.

ஆனால் சில குறிப்புகள் மட்டும் எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. கணினி செத்த இடத்தில் இருந்தது, செயலிக்குள்ளேயே ஓர் எண்ணைப் பூச்சியமாக்கும் கட்டளை. அது நினைவகத்தைத் தொடுவதே இல்லை. அது தவற வழியே கிடையாது. மல்டிக்ஸின் சகோதரன் மறுபடி பிறந்துவிட்டான்! விசாரித்தபோது, அந்தக் கணினிகளில் பலவற்றின் செயலி விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டப்பட்டிருந்தது தெரிந்தது. வேகமான கணினி என்று விற்பதற்காகச் சில சின்ன விற்பனையாளர்கள் சொல்லாமலே அப்படிச் செய்திருந்தார்கள். வாங்கியவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஆக, நீலம் காட்டிய குறிப்பைப் படிக்கத் தெரிந்தால் மென்பொருளையும் தாண்டிப் போகலாம்.

படிக்கும் அந்தக் கலை ரிப்பேர் கடைகளில் கைப்பழக்கமாகவே வளர்ந்தது. 'மெமரி மேனேஜ்மெண்ட்' என்று வந்தால் ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். மலைநாட்டு ஈரத்தில் அந்தப் பற்களில் படியும் அழுக்கு பல நேரம் அதோடு தீர்ந்துவிடும். 7பி என்று முடியும் எண் வந்தால் வட்டைக் கண்டுபிடிக்க முடியாத நோய். கேபிளையும் பயோஸையும் பார்க்க வேண்டும். புதுப் பிரிண்டர் வாங்கிய மறுநாள் நீலம் வந்தால், அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் நுழைந்து அந்த டிரைவரைத் தூக்குவார்கள். ஒன்றும் பிடிபடாவிட்டால் விண்டோஸ் கோப்புறைக்குள் 'மினிடம்ப்' என்ற இடத்தைத் திறப்பார்கள். காந்த வளையக் காலத்துத் தாள்கட்டு அங்கே ஒரு சிறு கோப்பாகச் சுருங்கிக் கிடக்கும். 2012இல் விண்டோஸ் 8 அந்த நீலத்துக்கு ஒரு சோக முகம் வைத்தது. 2016இல் கியூ.ஆர். குறியும் சேர்ந்தது. வீட்டில் ஒருவருக்கு வந்தால் தொல்லை, அவ்வளவுதான் என்று நீலம் மெல்லப் பழகிப்போனது. ஒரு வெள்ளிக்கிழமை காலை வரைக்கும்.

2024 ஜூலை 19. கண்டியில் மணி காலை 9.39. பெருநிறுவனக் கணினிகளைக் காக்கும் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனம் உலகமெங்கும் ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அதைப் படிக்கும் நிரல் 21 தகவல்களை எதிர்பார்த்தது. கைக்கு வந்தவை 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடி அது தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டது. ஓடிக்கொண்டிருந்த இடமோ கர்னலின் வீட்டுக்குள். 78 நிமிடங்களில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள், ஆனால் அதற்குள் சுமார் 85 இலட்சம் கணினிகள் நீலமாகியிருந்தன. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் திகைத்து நின்றன. எழுப்பினால் அதே கோப்பைப் படித்து மறுபடி நீலம். செத்துக்கிடக்கும் கணினிக்குத் தூரத்திலிருந்து மருந்தும் அனுப்ப முடியாது. உலகத்தின் மிகப் பெரிய கணினித் துறைகள் கடைசியில் எந்த வைத்தியத்துக்கு வந்தன?

சேஃப் மோடில் நுழைவது, அந்த ஒரு கோப்பை அழிப்பது, மறுபடி எழுப்புவது. ஒவ்வொரு கணினியாக, கையால். மாடிப்படிக் கடைகளில் புதுப் பிரிண்டருக்குச் செய்யும் அதே வைத்தியம்!

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு மைக்ரோசொஃப்ட் வீட்டு ஒழுங்கையே மாற்றத் தொடங்கியது. பாதுகாப்பு மென்பொருட்களைக் கர்னலுக்கு வெளியே குடியமர்த்தும் வேலை ஆரம்பமானது. 2025இல் விண்டோஸ் 11இன் மரணத்திரையும் மாறியது. சோக முகம் போனது, கியூ.ஆர். குறி போனது. பிழைக் குறியும் குற்றம் செய்த டிரைவரின் பேரும் மிஞ்சின. இவற்றோடு ஜோன் வேர்ட்டின் நீலமும் போய்விட்டது. இனி அந்தத் திரை கறுப்பு.

ரிப்பேர் கடைகளில் பழைய நீலம் இன்னும் கொஞ்சக் காலத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் ஐப்பசி இடிக்கு மறுநாள் சீபியூவை இறக்கிவைப்பவரிடம் கேட்கும் கேள்வி இனிமேல் ஒன்றாக நிற்காது.

"என்ன கலர்ல நிக்குது?"

"கறுப்புத்தான் தம்பி."

"கறுப்புல எழுத்து இருக்கா, இல்லையாண்ணே?"